நோக்கியா கைவிட்ட மேமோவை யார் பராமரிக்கிறார்கள், எப்படி?

மேமோ 5 என்பது 2009-இல் நோக்கியா என்900 போனுடன் வந்த, லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளம். 2011-இல் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போனது. பயனர்களே 'கம்யூனிட்டி எஸ்எஸ்யூ' (பயனர் சமூகம் தரும் மென்பொருள் அப்டேட்) என்ற பெயரில் அப்டேட் கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், சில பகுதிகளின் மூலநிரல் (மென்பொருளை எழுதிய அசல் கோடு) வெளியாகவே இல்லை. வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டிச் சாவியோடு போன வாடகை வீடு மாதிரி: மற்ற இடத்தைச் சரிசெய்யலாம், அந்த அறைக்குள் ஒழுகினால்? பேட்டரி சார்ஜைக் கவனிக்கும் நிரல் அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. ஆர்வலர்கள் அதற்கு மாற்றைப் புதிதாகவே எழுதினார்கள். இதைத்தான் நான் பெரிய வேலை என்பேன். டெவுவான் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட, மேமோவின் புதிய வடிவமான மேமோ லெஸ்டே அடுத்த கட்டம்.

லினக்ஸ் என்றாலே எல்லாம் திறந்த மூலம் என்று நினைக்க வேண்டாம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் திறந்திருந்தாலும் அதன் மேல் ஓடுபவை மூடியிருக்கலாம்.