எரிபொருள் கணக்கும் கார்பன் டை ஆக்சைடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பாய்லர் டீசலில் ஓடுகிறது. புகைபோக்கியில் அளவுக் கருவி எதுவும் இல்லை. வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: கருவி வேண்டியதில்லை. எரிந்த டீசல் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால் போதும். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டுதல்படி, டீசலின் நிகர வெப்ப மதிப்பு (நீராவியின் வெப்பம் சேராமல் கிடைக்கும் வெப்பம்) கிலோவுக்கு 43 மெகாஜூல். உமிழ்வுக் காரணி, அதாவது ஒரு கிகாஜூல் (1,000 மெகாஜூல்) வெப்பத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, 74.1 கிலோ. அடர்த்தி லிட்டருக்கு 0.84 கிலோ என்றால், ஒரு லிட்டரில் 36.12 மெகாஜூல், அதிலிருந்து வருவது சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 10,000 லிட்டருக்கு 26.8 டன்.

ஒரு கிலோகூட எடையில்லாத ஒரு லிட்டர் டீசலிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று சிலர் சந்தேகப்படுவதுண்டு. 12 கிலோ கார்பன், காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோவாகிறது. கூடுதல் எடை முழுவதும் காற்றுடையது.

வாங்கிய பில்லை அப்படியே கூட்டிவிடாதீர்கள். தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால்தான் எரிந்த அளவு கிடைக்கும். அதே தொட்டியிலிருந்து ஜெனரேட்டருக்கும் வண்டிகளுக்கும் டீசல் போகிறதென்றால், அவற்றைத் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

கேள்வி: நிலக்கரியின் ஆய்வக அறிக்கையில் கார்பன் 55 சதவீதம் என்கிறார்கள். எடையை அதனால் பெருக்கி, 44/12-ஆல் பெருக்கினோம். தணிக்கையாளர் ஏற்கவில்லை. என்ன தவறு?

பதில்: சூத்திரம் சரி. அந்த 55 சதவீதம் எந்த நிலையில் இருக்கும் நிலக்கரிக்கு என்று பார்த்தீர்களா? ஆய்வகம் பெரும்பாலும் காற்றில் உலர்த்திய மாதிரியைத்தான் சோதிக்கும். எடை மேடையில் ஏறுவதோ லாரியில் வந்த ஈர நிலக்கரி. இரண்டையும் பெருக்கினால், தண்ணீரையும் கார்பன் என்று எண்ணிய கதைதான்.

1,000 டன் நிலக்கரி வந்தது. மொத்த ஈரப்பதம் 12 சதவீதம், காற்றில் உலர்த்திய மாதிரியில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 55-ஐ 88-ஆல் (100 − 12) பெருக்கி 96-ஆல் (100 − 4) வகுத்தால், வந்த நிலையில் கார்பன் 50.4 சதவீதம். உமிழ்வு சுமார் 1,850 டன். நீங்கள் போட்ட வழியில் 2,017 டன். மழைக்காலத்தில் வித்தியாசம் இன்னும் விரியும். எனவே ஈரப்பத மாதிரியை எடை போடும் அன்றே எடுத்து, காற்றுப் புகாத பையில் மூடிவிடுங்கள். குவியலின் மேற்பரப்பிலிருந்து மட்டும் அள்ளிய மாதிரி காய்ந்துபோயிருக்கும்; அது எதற்கும் உதவாது.

எரியாமல் சாம்பலோடு போகும் கார்பனையும் கழிக்கலாம். 350 டன் சாம்பலில் 4 சதவீதம் என்றால் 14 டன் கார்பன். அதாவது 51 டன் கார்பன் டை ஆக்சைடு குறையும். ஆனால் உலைச் சாம்பலையும் பறக்கும் சாம்பலையும் தனித்தனியே சோதித்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுவதும் எரிந்ததாகவே வைத்துக்கொள்வது நேர்மை.

கேள்வி: இயற்கை எரிவாயுவில் எங்கள் கணக்கு எப்போதும் 10 சதவீதம் கூடுகிறது. ஏன்?

பதில்: பில்லில் இருப்பது மொத்த வெப்ப மதிப்பாக இருக்கலாம். எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பமும் அதில் சேர்ந்திருக்கும். ஐ.பி.சி.சி.யின் கிகாஜூலுக்கு 56.1 கிலோ என்ற காரணி நிகர வெப்ப மதிப்புக்கு உரியது. எரிவாயுவில் இந்த இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 10 சதவீதம். நிலக்கரியிலும் எண்ணெயிலும் சுமார் 5.

கன மீட்டர் எந்த வெப்பநிலைக்கு என்றும் கேளுங்கள். 0 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் இடையில் மட்டுமே 5.5 சதவீதம் மாறும்.

கேள்வி: புகைபோக்கியில் கருவி பொருத்தினோம். எரிபொருள் கணக்கைவிட 11 சதவீதம் அதிகம் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு எரிபொருள் கணக்கை. அநேகக் கருவிகள் வாயுவைக் குளிர்வித்து, நீரை நீக்கிய பிறகே கார்பன் டை ஆக்சைடின் செறிவை அளக்கின்றன. புகை எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஓட்டமானியோ நீராவியோடு சேர்த்து அளக்கிறது. புகையில் 10 சதவீதம் நீராவி இருந்தால், உலர்ந்த நிலையில் 12 சதவீதம் என்பது ஈர நிலையில் 10.8 தான். திருத்தாமல் செறிவை ஓட்டத்தால் பெருக்கினால் நீங்கள் சொல்லும் அதே 11 சதவீதம் கூடும்.

நீராவித் திருத்தம் சரியாக இருந்தால் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். குழாயின் நடுவில் வேகம் அதிகம்; அங்கே ஒரே புள்ளியில் அளந்தால் கணக்கு ஏறும். வளைவுக்கு அருகில் பொருத்தினால் சுழற்சி ஏமாற்றும். செறிவை பாய்லரிலிருந்து புகை வெளியேறும் இடத்திலும் ஓட்டத்தைப் புகைபோக்கியிலும் அளந்தால், இடையில் கசிந்து நுழையும் காற்றும் கணக்கில் ஏறிவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் அளந்தால் அந்தக் கசிவு மொத்த எடையை மாற்றாது: செறிவு குறையும் அளவுக்கு ஓட்டம் கூடும்.

கேள்வி: விறகு எரித்தால் உமிழ்வு பூஜ்யம்தானே?

பதில்: புகைபோக்கியில் பூஜ்யம் இல்லை, டன்னுக்குச் சுமார் 1.75 டன் வெளியேறுகிறது. அதை மொத்தத்தில் சேர்க்காமல் தனி வரியில் காட்டுவதே வழக்கம். அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேரும். நிலக்கரியோடு கலந்து எரிப்பவர்கள் கலக்கும் முன்பே இரண்டையும் தனியாக எடை போட்டுவிடுங்கள்.