ஓதியது மறந்துபோகிறதே?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. குர்ஆனின் 30 ஜுஸ்வுகளில் (பாகங்களில்) 12ஐ மனனம் செய்துவிட்டான். இப்போது பழைய பாடங்களில் தடுமாறுகிறான். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், பரங்கிப்பேட்டை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. புதுப் பாடத்தை மட்டும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கட்டிவைத்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நழுவிவிடும் என்று நபிகள் நாயகமே எச்சரித்திருக்கிறார்கள். பிள்ளை மேல் குற்றமில்லை. ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் தினமும் அரை ஜுஸ்வு அவன் ஓத, நீங்கள் குர்ஆனைத் திறந்துவைத்துக் கேளுங்கள். ஒரே மாதிரிச் சொற்கள் வரும் ஆயத்துகளில் (வசனங்களில்)தான் நாக்கு வழி மாறும். அங்கே திட்டாமல் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுங்கள்.

நான் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாஃபிழான மறு ஆண்டு, கடலூர் முதுநகரில் ரமலான் மாத இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழவைத்தபோது பகரா அத்தியாயத்தின் நடுவில் நின்றுபோனேன். நெஞ்சு அடைத்தது. பின்னால் நின்ற முதிய ஹாஃபிழ் ஒருவர் மெல்ல அடுத்த சொல்லைத் தந்தார். மறுநாள் அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பின் என்னை உட்காரவைத்து, அன்றிரவு ஓதவேண்டிய பகுதி முழுவதையும் கேட்டார். அந்த ரமலான் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அவர் காதுகளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வரும் ரமலானில் மகனைத் தராவீஹுக்கு அனுப்புங்கள். இமாமின் குரல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிற்கட்டும்.