பிராஸ்னனின் ஐந்தாவது பாண்ட்: கேள்வி பதில்

ஜேம்ஸ் பாண்ட் வீடியோ கேம்களில் எது சிறந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, ‘எவ்ரிதிங் ஆர் நத்திங்’ என்று சென்ற முறை ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். நெல்லைச் சீமை முழுக்க ஆட்சேபம் கிளம்பிவிட்டது. பாளையங்கோட்டையில் கேம் கடை நடத்திய காலத்தில் நான் யாருக்கும் வாடகைக்கு விடாமல் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்த டிவிடி அது. ஆகவே விரிவாகவே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வண்ணார்பேட்டை: அண்ணாச்சி, பாண்ட் கேம் என்றால் உலகமே கோல்டன்ஐ என்கிறது. நீங்கள் மட்டும் ஏன் வேறு கட்சி?

கோல்டன்ஐ 1997-இல் நின்டெண்டோ 64 என்ற கேம் கருவிக்கு வந்தது. நம் பக்கத்தில் அந்தக் கருவியைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. புகழ் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. நான்கு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட சந்தோஷம்தான் அந்தப் புகழில் பாதி. அதன்பின் வந்த பாண்ட் கேம்களையெல்லாம் அந்தப் படியை வைத்தே அளந்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் 2001-இல் ‘ஏஜென்ட் அண்டர் ஃபயர்’, 2002-இல் ‘நைட்ஃபயர்’ என்று பாண்டின் கண்வழியே பார்த்துச் சுடும் கேம்களையே கொடுத்தது.

அதே நிறுவனத்திடமிருந்து 2004-இன் தொடக்கத்தில் வந்த ‘எவ்ரிதிங் ஆர் நத்திங்’ கேமராவைப் பாண்டின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. சுடுவதற்காக மட்டும் வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கோ அதுதான் பிடித்தது. கண்வழியே பார்த்தால் துப்பாக்கியைத் தவிர வேறொன்றும் தெரியாது. பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் அவன் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதும், கயிற்றைப் பிடித்துக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஓடி இறங்குவதும், கைக்கு அகப்பட்ட பொருளைத் தூக்கி எறிவதும் தெரிகின்றன. பாண்டைப் பார்க்கத்தானே அய்யா தியேட்டருக்குப் போகிறோம்?

அம்பாசமுத்திரம்: இது எந்தப் படத்தின் கதை?

எந்தப் படத்தின் கதையும் அல்ல. பியர்ஸ் பிராஸ்னன் பாண்டாக நடித்த படங்களில் மூன்றுக்குத் திரைக்கதையில் பங்களித்த புரூஸ் ஃபைர்ஸ்டீன் இந்த கேமுக்கென்றே எழுதிய கதை. உலோகத்தைத் தின்றுவிடும் நானோ எந்திரங்களை நிக்கோலாய் டியாவோலோ என்ற வில்லன் கைப்பற்றுகிறான். எகிப்து, பெரு, நியூ ஆர்லியன்ஸ், மாஸ்கோ என்று துரத்தல் நீள்கிறது.

இந்த டியாவோலோ, 1985-இல் வந்த ‘எ வியூ டு எ கில்’ படத்தின் வில்லன் மேக்ஸ் சோரினின் சிஷ்யன். குரு, சிலிக்கான் பள்ளத்தாக்கை வெள்ளத்தில் மூழ்கடிக்கப் பார்த்தான். சிஷ்யனின் ஆட்கள் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புக் கரைகளை உடைக்கக் கிளம்புகிறார்கள். கேம் வந்த மறு வருடமே, 2005-இல், கத்ரீனா புயலில் அந்த ஊரின் கரைகள் நிஜமாகவே உடைந்தன. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்த நம்மால் அந்தக் கட்டத்தை இப்போது வெறும் பொழுதுபோக்காக விளையாட முடியவில்லை.

மேலப்பாளையம்: குரல் நிஜமாகவே பிராஸ்னனுடையதா?

ஆம். நைட்ஃபயரில் முகம் அவருடையது, குரல் வேறொருவருடையது. இதில் முகமும் குரலும் அவருடையவையே. பாண்டின் மேலதிகாரி ‘எம்’ பாத்திரத்துக்கு ஜூடி டென்ச், கருவிகள் செய்துகொடுக்கும் ‘கியூ’வுக்கு ஜான் கிளீஸ், வில்லனுக்கு வில்லெம் டஃபோ என்று எல்லோருமே சொந்தக் குரலில் பேசியிருக்கிறார்கள். பழைய பாண்ட் படங்களின் இரும்புப் பல் அடியாள் ஜாஸும் ரிச்சர்ட் கீலின் முகத்தோடு வருகிறான். சினிமாவில் பிராஸ்னன் பாண்டாக நடித்தவை நான்கே படங்கள். கடைசிப் படம் 2002-இல் வந்தது. முறையாக விடைபெற அவருக்கு ஒரு படம் வாய்க்கவில்லை. அந்தக் குறையை இந்த கேம்தான் தீர்த்தது என்பேன்.

களக்காடு: என் பையன் சுட்டுக்கொண்டே ஓடுகிறான், உடனே செத்துப்போகிறான். என்ன செய்ய?

முதலில் ஓடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நேரத்தை மெதுவாக்கும் வசதி ஒன்று இதில் இருக்கிறது. அதை அழுத்தினால் சுற்றுப்புறம் ஏறக்குறைய உறைந்துவிடும். பயன்படுத்தக்கூடிய பொருள்கள் தனியாகத் தெரியும். எதைச் சுட்டால் காவலாளி தலையில் விழும், எந்தச் சுவரில் கயிறு வீசலாம் என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அறைக்குள் நுழையும் முன் இதைச் செய்யாதவன் இந்த கேமைப் பாதிதான் விளையாடுகிறான்.

அடுத்து, கியூ கொடுக்கும் சிலந்தி. உள்ளங்கை அளவு எந்திரம். பாண்டை ஒரு மறைவில் நிறுத்திவிட்டுச் சிலந்தியை இறக்கினால், பார்வை சட்டென்று தரைமட்டத்துக்கு வந்துவிடும். சற்றுமுன் சாதாரணமாகத் தெரிந்த மேசைக்கால்கள் தூண்களாகிவிடும். காவலாளியின் பூட்ஸ் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த பூட்ஸ் அருகே போய் வெடிக்கவும் வைக்கலாம், சந்து வழியாக நுழைந்து அடுத்த அறையில் எத்தனை பேர் என்று வேவு பார்த்துவிட்டும் திரும்பலாம். என் கடைக்கு வந்த பையன்களில் துப்பாக்கிப் பிரியர்கள் ஒரு வகை, சிலந்திப் பிரியர்கள் இன்னொரு வகை. முடித்துவிட்டு எழுந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

சுடும்போதும், எதிரியின் மேல் குறி தானாகப் பூட்டிக்கொண்டதும் விசையை அழுத்திவிட வேண்டாம். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைத் துளி அசைத்தால் குறிப்புள்ளி தலைக்கு ஏறும். தோட்டா மிச்சமாகும்.

சங்கரன்கோவில்: பாலத்தில் பைக் ஓட்டும் கட்டத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் அண்ணாச்சி.

நீங்கள் மட்டும் அல்ல தம்பி. ஜாஸ் டேங்கர் லாரியை ஓட்டிக்கொண்டு போக, பின்னால் பைக்கில் விரட்டும் நியூ ஆர்லியன்ஸின் அந்த பான்ட்சார்ட்ரெயின் பாலத்தில்தான் பலர் விளையாட்டையே கைவிட்டார்கள். ஸ்டிக்கை ஒடிக்காமல் லேசாகத் தட்டித் தட்டித் திருப்புங்கள். கண் பைக்கின் மேல் இருக்கக் கூடாது. இரண்டு வண்டிக்கு அப்பால் இருக்க வேண்டும். அப்படியும் முடியவில்லை என்றால் கடினநிலையை ‘ஆபரேட்டிவ்’ என்று குறைத்துக்கொள்ளுங்கள். இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

திசையன்விளை: குறையே இல்லாததுபோல் எழுதுகிறீர்களே?

அந்தப் பாலமே ஒரு குறைதான். பல இடங்களில் எதிரியைத் தானாகப் பூட்டிக்கொள்ளும் குறி, பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டுத் தூரத்தில் நிற்பவனைப் பிடிக்கும். கதாநாயகிகளுக்குக் கதையில் வேலை குறைவு. ஆனால் கார்க் கட்டங்களில் குறை சொல்ல மாட்டேன்; நீட் ஃபார் ஸ்பீட் என்ற கார்ப் பந்தய கேம் தொடரை வெளியிட்ட நிறுவனம் அல்லவா, அந்தக் கைப்பழக்கம் ஆஸ்டன் மார்ட்டினைத் திருப்பும்போதே தெரிகிறது.

பாளையங்கோட்டை, ஓர் ஆசிரியை: பத்து வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். மூன்று வருடம் பொறுக்கலாம் அம்மா.

வள்ளியூர்: கம்ப்யூட்டரில் கிடைக்குமா?

கம்ப்யூட்டருக்கு இது வெளிவரவே இல்லை. பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய கேம் கருவிகளுக்கு வந்தது. கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது வேறொரு சிறிய வடிவம். இன்று விளையாடப் பழைய பிஎஸ்2-வைத் தேடுவதே நேர்வழி. டிவிடி வாங்கும்போது நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL) வகையா என்று பாருங்கள்; அமெரிக்க டிவிடி இங்கே விற்ற பிஎஸ்2-வில் ஓடாது. விளையாடியதைச் சேமித்து வைக்க 8 எம்பி மெமரி கார்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கார்டு இல்லாமல் தொடங்கி, மாஸ்கோ வரை போய், மின்சாரம் போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

சேரன்மகாதேவி: நானும் தம்பியும் சேர்ந்து விளையாட வழி உண்டா?

உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஒரே அணியில் விளையாடலாம். அதற்கென்று தனி மிஷன்கள். பாண்ட் அவற்றில் இல்லை, அவன் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ6-இன் வேறு உளவாளிகள். யார் பாண்ட் என்ற சண்டை அதனால் உங்கள் வீட்டில் வராது. மற்ற சண்டைகளுக்கு நான் பொறுப்பல்ல.