சுவருக்குள் இருக்கும் கேட் 6-ல் எச்டிஎம்ஐ போகுமா?

மண்டபம், வகுப்பறை, வீடு என்று திரையும் ஒலியும் மாட்டித்தருவது என் வேலை. எச்டிஎம்ஐ-யை நெட்வொர்க் கேபிளில் தூரமாகக் கொண்டுபோவது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ-யை, இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி வைத்து, கேட் 6 போன்ற நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் முறைதான் எச்டிபேஸ்டி. வந்த கேள்விகளில் சில.

பொங்கோல் வாசகர்: எங்கள் வீவக வீட்டில் எல்லா அறை கேபிளும் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்குப் போகிறது. அந்த வழியாகவே எச்டிபேஸ்டி ஓட்டலாமா?

சுவிட்ச் வழியாக ஓடாது. முனை நெட்வொர்க் கேபிளுக்கு உள்ள அதே ஆர்ஜே45 என்பதால் பலரும் ஏமாறுகிற இடம் இது. எச்டிபேஸ்டி, கணினிகள் பேசிக்கொள்ளும் ஈதர்நெட் அல்ல, சுவிட்சுக்கு அது புரியாது. ஆனால் பெட்டிகள் வைக்கப்போகும் இரண்டு அறைகளின் கேபிள்களை மட்டும் சுவிட்சிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போகும். ஷெல்ட்டர் சுவரைத் துளைத்துப் புதுக் கேபிள் இழுக்கக் கிளம்பாதீர்கள், அதற்கு அனுமதி கிடையாது.

ஜூரோங் வெஸ்ட், துணைப்பாட நிலையம்: ப்ரொஜெக்டர் 25 மீட்டர் தூரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது. பெட்டி மட்டமா?

பெட்டியைத் திட்டுமுன் கேபிளைப் பாருங்கள். தேக்கா பக்கம் ஒரு மண்டபத்தில் இதே தொல்லை. உறையில் கேட் 6 என்றுதான் அச்சடித்திருந்தது. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினேன். செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம்! மீட்டருக்குச் சில காசு மிச்சம் பிடித்த கேபிளுக்காக இரண்டு பெட்டிகளை மாற்றியிருந்தார்கள்.

முழுச் செம்புதான் என்றால் முனையைப் பாருங்கள். ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்திருக்கக் கூடாது. மிஞ்சிய கேபிளை வளையமாக இறுக்கிக் கட்டிக் கூரைக்குள் செருகியிருந்தாலும் கெடுதல்தான். முதலில் இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்து 2 மீட்டர் கேபிளில் இணைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதில் கறுக்கவில்லை என்றால் பெட்டிமேல் குற்றமில்லை.

செங்காங் வாசகர்: பெட்டியில் ‘4கே, 100 மீட்டர்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

எந்த 4கே என்று கேளுங்கள். நொடிக்கு 60 படம், முழு நிறம் என்றால் எச்டிஎம்ஐ-க்கு 18 ஜிகாபிட் வேண்டும். பழைய எச்டிபேஸ்டி சிப்கள் 10.2 வரைதான். மீதியைச் சமாளிக்கச் சுருக்குவார்கள், இல்லையென்றால் நிறத்தைக் குறைப்பார்கள். சினிமாவில் தெரியாது, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் போட்டுப் பாருங்கள், ஓரம் பிசுபிசுவென்று இருக்கும். சுருக்காமல் அனுப்ப எச்டிபேஸ்டி 3.0 வேண்டும்.

தெம்பனிஸ் வாசகர்: படம் நன்றாக வருகிறது. ஆனால் ஆர்எஸ்-232 (கட்டளை அனுப்பும் கம்பி இணைப்பு) வழியாக ப்ரொஜெக்டரை அணைக்க முடியவில்லை.

பெரும்பாலும் டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) இடம் மாறியிருக்கும். ப்ரொஜெக்டர் பக்கம் 2, 3 பின்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் பாட் வேகம், அதாவது கட்டளை போகும் வேகம்: இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஈசூன் வாசகர்: ஒரு புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து எதிர் புளோக்குக்கு விழா நேரலை காட்ட வேண்டும். வெளியே கேட் 6 இழுக்கலாமா?

வேண்டாம். நம் ஊர் இடி மின்னலுக்கு, மின்சாரம் கடத்தாத ஃபைபர் (ஒளியிழை) கேபிள்தான் சரி.