போர்க்கைதிகளின் மருத்துவப் பதிவேடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவரின் தாத்தா அமெரிக்கத் தரைப்படை வீரர், 1942இல் பிலிப்பைன்ஸின் பத்தானில் ஜப்பானியரிடம் பிடிபட்டவர். அவருடைய மருத்துவக் கோப்பைக் கேட்டு எழுதினால், அமெரிக்கப் படையினரின் கோப்புகள் இருந்த செயின்ட் லூயிஸ் காப்பகத்தின் தீயில் அழிந்துவிட்டதாகப் பதில் வந்தது. தேடலை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். 1973 ஜூலை 12 அன்று மூண்ட அந்தத் தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் அடக்கம். நகல் எடுத்து வைக்கவில்லை என்பதால் இழப்பு உண்மையானதே. எனினும், தாத்தா அதற்கு முன்பே உடற்குறை இழப்பீடு கேட்டு விண்ணப்பித்திருந்தால், அவருடைய மருத்துவத் தாள்கள் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு இரவலாகப் போய்த் தப்பியிருக்கக்கூடும். ஆகவே வீட்டிலுள்ள பழைய கடிதங்களில் ‘சி’ என்றோ, இறந்தவராதலால் ‘எக்ஸ்சி’ என்றோ தொடங்கும் விண்ணப்ப எண் இருக்கிறதா என்று பாருங்கள். படை எண்ணைக் காட்டிலும் அதுவே உங்களுக்குப் பயன்படும்.

இராணுவ மருத்துவமனைகளில் 1942 முதல் 1945 வரை சேர்க்கப்பட்டவர்களைப் பற்றித் அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவர் அலுவலகம் தொகுத்த பதிவுகளும் உண்டு. அவற்றில் பெயர் இராது, படை எண்தான் இருக்கும். முகாமில் கண்ட நோயை அங்கே தேடிப் பயனில்லை. விடுதலைக்குப் பின் பெற்ற சிகிச்சை வேண்டுமானால் அகப்படும்.

உங்கள் நோக்கம் இழப்பீடு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 30 நாளுக்குக் குறையாமல் சிறைப்பட்டிருந்தவருக்குப் பிற்காலத்தில் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்), நாட்பட்ட சீதபேதி, வயிற்றுப்புண் போன்றவை இருந்திருந்தால், அவை சிறைவாசத்தால் வந்தவை என்றே அமெரிக்க விதிகள் அனுமானிக்கின்றன. முகாம் மருத்துவச் சீட்டு இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

கேள்வி: லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து பெற்ற முகாம் மருத்துவமனைப் பதிவேட்டு நகலில் ‘பி.டி.’, ‘எம்.டி.’ என்று மாறி மாறி எழுதியிருக்கிறது. இவை என்ன?

பதில்: இரண்டும் மலேரியாவே. முன்னது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வைவாக்ஸ் காய்ச்சல். பின்னது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம். உங்களுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் போர்த்துறை (டபிள்யூ.ஓ.) ஆவணங்களில் ‘டபிள்யூ.ஓ. 347’ வரிசையாக இருக்க வேண்டும். பலரும் முதலில் புரட்டும் ‘டபிள்யூ.ஓ. 345’ ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள். பிடிபட்ட நாள், முகாம் போன்ற விவரங்களுக்கு அவை நல்லவை, நோய்க்கு அல்ல.

கேள்வி: சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாயின் பதிவும் கியூவில் கிடைக்குமா?

பதில்: அங்கே தொடங்காதீர்கள். சிப்பாய்களின் பணிப்பதிவைத் தேட வேண்டிய இடம் அந்தந்த ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவு என்றால் பெங்களூரு. படை எண், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா ஆகியவற்றோடு எழுதுங்கள்.

கேள்வி: மலாயாவின் பேராக் மாநிலத் தோட்டமொன்றிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட என் பாட்டனார் திரும்பவில்லை. அவருக்குக் கைதி அட்டை இருக்குமா?

பதில்: இராது. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பன்மடங்கு அதிகம். ஆயினும் அவர்கள் போர்க்கைதிகளாகக் கணக்கிடப்படவில்லை. கைதிகள் நடுவே சொந்தப் படை மருத்துவர்கள் இருந்து, கிடைத்த காகிதத் துண்டில் குறிப்பெழுதி ஒளித்து வைத்தார்கள். தொழிலாளர் முகாம்களில் அப்படி எழுத ஆளில்லை. காலராவும் பேதியும் கொன்று குவித்த 1943இல்தான் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து ‘கே’, ‘எல்’ என்ற இரண்டு மருத்துவக் குழுக்களைக் கைதிகளிலிருந்தே பிரித்து அங்கே அனுப்பினார்கள். அக்குழுவினர் விட்டுச்சென்ற குறிப்புகளில் முகாமின் பெயரும் சாவின் எண்ணிக்கையும் கிடைக்கலாம். தனி மனிதர் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பெயர் வேண்டுமென்றால் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் பெயரும் சம்பளமும் எழுதும் பேரேடு) எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்த மாதத்திலிருந்து அவர் பெயருக்கு எதிரே சம்பளம் எழுதப்படவில்லை என்பது தெரிந்தால், எந்த மாத முகாம் குறிப்புகளைப் பார்க்கத் தொடங்குவது என்பதாவது தெரியவரும்.