போன்சாய் பழகப் போனால் முதலில் ஏன் தண்ணீர் ஊற்ற விடுகிறார்கள்?

ஜப்பானில் போன்சாய், அதாவது தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் கலை, கற்க வருபவரிடம் கத்தரிக்கோலைக் கொடுக்காமல் ஏன் தண்ணீர் ஊற்றவே சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் பிழைப்பது அந்த வேலையில்தான். தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருஷம் ஆகும் என்று அங்கே சொல்வழக்கே உண்டு.

1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ வளர்ப்பாளர்கள் இடம்பெயர்ந்து 1925-இல் தொடங்கிய ஓமியா போன்சாய் கிராமம் மாதிரி இடங்களில், தோட்டம் நிறைய தொட்டிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் ஊற்ற முடியாது. வெயில் நாளில் தண்ணீர் தவறினால் மேப்பிள் இலையின் ஓரம் கருகிவிடும். கரும்பைன் மரம் மண் கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும்.

போன்சாய் தொட்டியில் போடும் அகடாமா என்ற ஜப்பானியக் குருணை மண்ணைக் கவனியுங்கள். ஈரத்தில் அடர்பழுப்பாக இருக்கும், காயக் காய வெளிறும். மேல்மண் வெளிறத் தொடங்கியதும் மெல்லிய துளையுள்ள பூவாளியால், அடித்துளை வழியே தண்ணீர் வழியும்வரை ஊற்ற வேண்டும். சற்று நேரம் விட்டு மறுபடி ஒருமுறை. மேலாக மட்டும் நனைத்தால் வேர்ப்பந்தின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். அது வெளியே தெரிவதற்குள் கிளையே போய்விடலாம்.

கிளையை வளைக்கக் கம்பி கட்டுவதெல்லாம் அப்புறம். அனுபவமுள்ள வளர்ப்பாளர் பக்கத்தில் இருந்தால், அவர் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கூடவே நில்லுங்கள். எந்தத் தொட்டியை விட்டுவிட்டுப் போகிறார் என்று பார்த்து, காரணம் கேளுங்கள்.