அது மை அப்பிய கறை இல்லை, நிழல்: 1893 கார்ட்டூன் ஒன்றைப் படிக்கும் விதம்

வியாசர்பாடியில் இருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. வகுப்பில் ஒரு பழைய அமெரிக்கக் கார்ட்டூனை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, இது குடியேற்றத்தை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா, காரணம் சொல்லி இரண்டு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "எதிர்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது சார், அஞ்சு பணக்காரர்கள் சேர்ந்து ஒரு ஏழையைக் கப்பலில் இருந்தே இறங்கவிடாமல் துரத்துகிறார்கள். என் தோழி இல்லவே இல்லை, ஆதரிக்கிறது என்கிறாள். ரெண்டு பேரில் யார் சரி? அப்புறம், எங்க தாத்தா பர்மாவில் இருந்து வந்தவர், அதையும் சேர்த்து எழுதலாமா?" என்று கேட்டு, அந்த ஜெராக்ஸை மொபைலில் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

தோழி சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஐந்து பேருக்கும் பின்னால் மை அப்பினது மாதிரி கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது மெஷின் கோளாறு இல்லை, அவர்களுடைய நிழல். இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படத்துக்குக் கீழே அச்சான ஒரு வரியும் காகிதத்தில் அடங்காமல் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. நிழலும் போய், வரியும் போய்விட்டால் மிச்சம் இருப்பது கோட்டு போட்ட ஐந்து பேர் கையை நீட்டி ஒருவனைத் தடுக்கிற காட்சி மட்டும்தான், அதை வைத்து யார் பார்த்தாலும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

இது ஜோசப் கெப்ளர் வரைந்தது, நியூயார்க்கில் வெளிவந்த 'பக்' என்கிற நையாண்டிப் பத்திரிகையில் 1893 ஜனவரி 11-ம் தேதி வந்தது. தலைப்பு 'பின்னோக்கிப் பார்த்தல்'. கப்பலில் இருந்து இறங்குகிற பலகையில் மூட்டையோடு ஒருவன் வருகிறான். துறைமுகத்தில் உயர்ந்த தொப்பியும் விலை உயர்ந்த மேல்கோட்டும் போட்ட ஐந்து பேர் நின்று அவனை மறிக்கிறார்கள். இப்போது அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். விழுகிற நிழல் கோட்டு போட்ட கனவானின் நிழலாக இல்லை. ஒவ்வொரு நிழலும் கந்தல் உடுப்பில் இதே மாதிரி வந்து இறங்கிய ஓர் ஏழையாக எழுந்து நிற்கிறது. அது அவர்களேதான், அல்லது அவர்களைப் பெற்றவர்கள். கீழே இருந்த வரி இதைத்தான் சொல்கிறது: தங்களையும் தங்கள் அப்பன்மாரையும் கரைசேர்த்த பாலத்தை, புதிதாக வருகிறவனுக்கு அடைக்கப் பார்க்கிறார்கள்.

நான் ராயபுரத்தில் பல வருடமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், இந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் காட்டுவேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், படத்தின் மேல் விரலை வைத்து ஓரத்தில் இருந்து நடுவுக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள், விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள் என்பேன். போன வருடம் ஒரு பையன் தொப்பி, கோட்டு, கைத்தடி என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிழல்மேல் விரலை வைத்ததும் நின்றுவிட்டான். விரலை அந்தக் கனவானின் காலடிக்குக் கொண்டுபோனான், திரும்ப நிழலுக்குக் கொண்டுவந்தான், இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, "சார், இது இவரோட நிழல் இல்லையே" என்றான். அவ்வளவுதான், மீதிப் பாடத்தை வகுப்பே நடத்திவிட்டது. கண் முதலில் நடுவில் இருக்கிற ஆளிடம்தான் போகும், பெரிய உருவத்திடம் போகும். கார்ட்டூன்காரர் தன் பேச்சை ஓரத்தில் வைத்திருப்பார்.

உங்களுக்கும் தோழிக்கும் சண்டை வந்த இடமும் இதுதான். படத்தில் யார் அடி வாங்குகிறார் என்பது வேறு, படம் யாரை அடிக்கிறது என்பது வேறு. படத்துக்குள்ளே அடி வாங்குகிறவன் மூட்டைக்காரன். படம் அடிப்பது அந்த ஐந்து பேரை. ஒரு கொடுமையை வரைந்திருக்கிறார் என்பதாலேயே அவர் அந்தக் கொடுமைக்குக் கட்சி கட்டுகிறார் என்று ஆகிவிடாது. அசைன்மென்ட்டில் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக எழுதிவிட்டீர்கள் என்றாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து தேதி. 1893 ஜனவரி என்றால் சும்மா ஒரு தேதி இல்லை. அதற்கு முந்தைய 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவியது, அங்கே இருந்து குடியேறிகளின் கப்பல்கள் பல புறப்பட்டு வந்தன. அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசன் குடியேறிகளோடு வருகிற கப்பல்களை 20 நாள் தனிமைப்படுத்தி நிறுத்தி வைக்கச் சொன்னார். வருடக் கடைசியில் ஒரு வருடத்துக்குக் குடியேற்றத்தையே நிறுத்திவிடலாம் என்று செனட்டில் பேச்சு வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் இருக்கிற எல்லிஸ் தீவில் புதிய குடியேற்ற நிலையம் திறந்தும் அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. குடியேற்றத்தை நிறுத்தலாம் என்ற அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் படம் பதில். தேதியை எடுத்துவிட்டால் இது பொதுவான ஒரு நீதிக்கதை மாதிரி ஆகிவிடும், அப்படி எழுதிவிடாதீர்கள். தேதியும் இடமும் வெட்டப்பட்ட படம் என்ன செய்யும் என்பதை நம் ஊரில் 2023 மார்ச்சில் பார்த்தோம். எங்கேயோ எப்போதோ எடுத்த வீடியோக்களை, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சுற்றவிட்டார்கள், சென்ட்ரலில் ஊருக்குப் போகப் பெட்டியோடு நின்றவர்களின் முகத்தில் இருந்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பாரதியார் 1906-ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூன் போட ஆரம்பித்தபோது படத்தோடு விளக்கமும் சேர்ந்தே வந்தது, வாசகருக்கு அப்போது இது புது மொழி. கீழே இருக்கிற வரி படத்தின் ஒட்டு இல்லை, உறுப்பு. தலைப்பு, அடிவரி, உருவங்களின் மேல் ஒட்டிய சின்னச் சின்ன எழுத்து, எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான் பேச வேண்டும்.

வரைந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள், ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையாக. கெப்ளர் வியன்னாவில் 1838-ல் பிறந்து பெரியவரான பிறகு அமெரிக்கா போனவர். 'பக்'கை நியூயார்க்கில் முதலில் ஜெர்மன் மொழியில் ஆரம்பித்து, மறு வருடம் 1877-ல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்து பேரும் பணமும் சம்பாதித்தவர். 1893-ல் அவரும் ஒரு கோட்டுக்காரர்தான், அவருக்குப் பின்னாலும் அதே நிழல் உண்டு. இதைப் படிக்கும்போது மனசு நெகிழும், எனக்கும் ஒவ்வொரு முறையும் நெகிழ்கிறது. ஆனால் 'அவரே வந்தவர், அதனால் வருகிறவர்களை ஆதரித்தார்' என்று எழுதினால் சறுக்கிவிடுவீர்கள். 1880-ல் இவரே ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களை நோவாவின் பேழைக்குள் ஜோடி ஜோடியாக ஏற்றி, அமெரிக்காவையே ஒரு ஆளாக்கிக் கார்ட்டூன்காரர்கள் வரைகிற அங்கிள் சாம் கையை விரித்து வரவேற்பது போல வரைந்தார். இரண்டே வருடம் கழித்து 1882 ஜூனில் அதே கை அமெரிக்காவை ஒரு தங்கும் விடுதியாக வரைந்தது, எல்லா நாட்டுக்காரர்களும் அடுக்குக் கட்டிலில் சாதுவாகப் படுத்திருக்க, ஐரிஷ்காரர் மட்டும் கலாட்டா பண்ணுகிறார், அங்கிள் சாம் அவரை அதட்டுகிறார். ஒரே ஆள், மூன்று படம், ஒரே பேச்சு இல்லை. அதனால் ஆளின் கதையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பைப் படத்தில் இருந்து எடுங்கள்.

அந்த 1882 ஜூன் படத்துக்கு ஒரு மாதம் முன்னால், மே மாதத்தில், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். 10 வருடத்துக்கு என்று போட்டது, 1892-ல் நீட்டினார்கள், 1943-ல்தான் போயிற்று. இப்போது கெப்ளரின் துறைமுகத்தைத் திரும்பப் பாருங்கள். இறங்குகிறவன் ஐரோப்பாக்காரன். மறிக்கிறவர்களும் ஐரோப்பாவில் இருந்து வந்த வழியினர். கதவு ஏற்கெனவே சாத்தப்பட்ட சீனத் தொழிலாளி பலகையிலும் இல்லை, நிழலிலும் இல்லை. நல்ல மனசோடு வரைந்த படத்திலும் ஒருவர் விடுபட்டுப் போகலாம். உங்கள் விரிவுரையாளர் எதிர்பார்க்காத ஒரு பத்தி வேண்டும் என்றால் இதை எழுதுங்கள், என் பார்வையில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாம், எழுதவேண்டும், ஆனால் கலந்து அடித்துவிடாதீர்கள். பர்மாவில் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு வருடத்துக்குள் வங்கியையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கியதும், நம் ஜனங்கள் சம்பாதித்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய அவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. புழல் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழரை 'அகதி' என்கிறோம், அவருக்குச் சட்டத்தில் இருக்கிற நிலைமை வேறு. மணலியிலும் எண்ணூரிலும் கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஒடிசா, பீகார் பையன்கள் இந்த இரண்டும் இல்லை, அவர்கள் இந்தியக் குடிமக்கள், நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய் வசிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தோடு இதை நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிடக்கூடியது ஒன்று உண்டு, அது மனுஷனின் பேச்சு. தாத்தா கப்பலில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு 'இவங்க எல்லாம் எதுக்கு இங்க வர்றாங்க' என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அந்த நிழல் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். அதை ஒரு பத்தி எழுதுங்கள், சட்டம் வேறு என்பதையும் அதிலேயே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்.

எழுதும்போது சொல்லைப் பார்த்துப் போடுங்கள். 'குடியேறி' என்றால் ஒரு செய்தி, 'வந்தேறி' என்றால் ஒரு வசை. ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மற்றொன்று என்று போட்டால் நீங்களே அறியாமல் கட்சி மாறிவிடுவீர்கள்.

எதிர்க்கிற படம் எப்படி இருக்கும் என்று காட்டினால் விடை இன்னும் பலப்படும், அதற்கு 1921 கார்ட்டூன் ஒன்று இருக்கிறது. அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கே ஒரு பெரிய புனல், அகலமான வாய் ஐரோப்பா பக்கம், அதில் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, குறுகிய முனை அமெரிக்கா பக்கம், அங்கே அங்கிள் சாம் 3 சதவீதம் என்று எழுதிய கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வருடச் சட்டம் அப்படி, 1910 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டுக்காரரின் எண்ணிக்கையில் 3 சதவீதம் பேரைத்தான் வருடத்துக்கு உள்ளே விட்டார்கள். இந்தப் படத்தில் வருகிறவர்களுக்குத் தனித்தனி முகம் இல்லை, வெள்ளம் மாதிரி ஒரு திரள்தான். கெப்ளர் படத்தில் வருகிறவனுக்கு முகம் உண்டு, மறிக்கிறவனுக்கு முகமும் உண்டு, அதற்கு மேல் ஒரு நிழலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து முகங்களை எண்ணிப் பாருங்கள், எது எந்தப் பக்கம் என்று தானாகத் தெரியும்.

கடைசியாக அந்த ஜெராக்ஸ். படம் இணையத்தில் வண்ணத்திலேயே கிடைக்கிறது, வரைந்தவர் பெயரும் வருடமும் போட்டுத் தேடினால் வந்துவிடும். அடிவரி வெட்டுப்படாத பிரதியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கடையில் கலர் பிரிண்ட் கேளுங்கள். கறுப்பு வெள்ளைதான் என்றால் மெஷினை எழுத்துக்கான முறையில் இருந்து போட்டோவுக்கான முறைக்கு மாற்றி, கறுப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், நிழலுக்குள் இருக்கிற ஆள் தெரிவார். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை விரிவுரையாளரிடம் கொடுங்கள், வகுப்பில் மற்றவர்கள் கையிலும் அந்தக் கறுப்புத் திட்டுதான் இருக்கும்.